நாலரை மணி சன்ஸ்கிரீன்

"பேசாம வேலையை விட்டுடு பார்கவி."

"எதுக்குங்க?"

"மூஞ்சியக் கண்ணாடியில பாத்தியா? அங்க வந்தவங்க எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. மாத்திரைத் தூசியில நின்னு நின்னுதான் இப்படி ஆயிருச்சு. மாசக் கடைசிக்குள்ள கம்பெனியில சொல்லிடு."

"யோசிக்கறேன்."

மூன்று வாரங்களுக்கு முன், பெங்களூர் காக்ஸ் டவுன் சிக்னலில் தினேஷின் வண்டியில் உட்கார்ந்தபடி நடந்த பேச்சு இவ்வளவுதான். பச்சை விழுந்ததும் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் பார்கவி அந்தப் பேச்சைத் தினமும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சொல்ல நினைத்தது வேலையைப் பற்றியே அல்ல.

தினேஷின் அக்கா சீதாலட்சுமியின் பேரனுக்கு ஜீவனஹள்ளியில் அன்று காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருந்தபோது, பத்துப் பதினைந்து பெண்களுக்கு நடுவே சீதாலட்சுமி இவளைக் கூப்பிட்டு முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, ஒரு பக்கம் மட்டும் கருகிப்போன தோசை மாதிரி?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தினேஷ் நாலடி தள்ளித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டது. அவன் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

'எனக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?' இதுதான் பார்கவி கேட்க நினைத்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். நிறம், உயரம், தலைமுடி என்று ஒவ்வொரு விசேஷத்திலும் ஒவ்வொன்றைப் பற்றி யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி தொண்டை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

தினேஷ் கெட்டவன் அல்ல. வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவன். விடிகாலையில் மனைவி வேலைக்குக் கிளம்பினால், மகள் அனுஷாவை எழுப்பிக் குளிக்க வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளியில் விடுவது அவன்தான். மனைவியின் முகத்தில் கருந்திட்டாக மங்கு படர்வது அவனுக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. அந்தக் கவலைக்கு அவன் கண்டுபிடித்த ஒரே வைத்தியம், அவளை வீட்டில் உட்கார வைப்பது.

பார்கவிக்கு அந்த வேலை உயிர். பொம்மசந்திராவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில், பட்டை பட்டையாக வரும் மாத்திரை அட்டைகளைச் சோதிக்கும் வரிசையில் ஆறு வருஷமாக நிற்கிறாள். பெல்ட்டில் ஓடும் அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தாலும், ஒரு மாத்திரை ஓரம் உடைந்திருந்தாலும், அவள் கை தானாகப் போய் அதை எடுத்துவிடும். "மிஷின் கேமராவை ஏமாத்தலாம், பார்கவியை ஏமாத்த முடியாது" என்று சூப்பர்வைசர் வனஜா மேனேஜரிடமே சொல்லியிருக்கிறாள். அனுஷா பிறந்தபோது ஒருமுறை வேலையை விட்டுவிட்டு, திரும்ப ஒன்று கிடைப்பதற்குள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இன்னொரு முறை விட்டால், இனி யாரும் கூப்பிடப்போவதில்லை.

அதனால் முகத்தைச் சரிசெய்வதற்கு அவளும் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் சீதாலட்சுமிதான் அந்த யோசனையையும் சொன்னாள். சன்ஸ்கிரீன் என்று ஒன்று விற்கிறதாம், காலையில் எழுந்ததும் பூசிக்கொண்டால் நிறம் கொடுக்குமாம். பார்கவி விவேக் நகர் கடையில் போய்க் கேட்டாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ட்யூபில் பால் வெள்ளையாக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நம்பி வாங்கினாள். ஒரு நாள் விடாமல் பூசினாள். ஒரு மாற்றமும் இல்லை. மங்கு இன்னும் கொஞ்சம் பரவியதுதான் மிச்சம்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனாள். வரிசையில் இரண்டு மணி நேரம். உள்ளே டாக்டர் மௌரீன், மூக்கின் நுனியில் கண்ணாடியோடு, ஒவ்வொருவரையும் ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்கவி எடுத்த எடுப்பிலேயே, மாத்திரைத் தூசியால் வந்ததா என்று கேட்டாள். டாக்டர் அவள் நெற்றியையும் கன்னங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை செய்யும்போது முகத்தில் என்ன அணிவாள் என்று விசாரித்தார். தலையை மூடும் தொப்பி, மூக்கிலிருந்து தாடை வரை மாஸ்க், இரண்டும் இல்லாமல் உள்ளே விடவே மாட்டார்கள் என்றாள் பார்கவி.

"அப்போ தூசி படற இடம் நெத்தியும் கண்ணச் சுத்தியும்தான? அங்க சுத்தமா இருக்கே. மாஸ்க் மூடுற கன்னத்துலதான் மங்கு இருக்கு. வலது பக்கம் லேசு, இடது பக்கம் ஜாஸ்தி. கம்பெனிக்கு எதுல போறீங்க?"

"கம்பெனி பஸ்ல மேடம்."

"எந்தப் பக்கம் உட்காருவீங்க?"

"இடது பக்கம், ஜன்னலோரம். லேடீஸ் எல்லாரும் அந்த வரிசைதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பஸ் எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று கேட்டார். ஷிப்ட் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. ஐந்து மணிக்கு பஸ் ஏறும்போது இருட்டு. திரும்பும்போது இரண்டே கால். ஹோசூர் ரோட்டில் வடக்கே வரும்போது, மேற்கு வெயில் நேராக இடது வரிசையில் விழும். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்.

"கண்ணாடி மூடித்தான் இருக்கும் மேடம்" என்றாள் பார்கவி. "நம்ம பெங்களூர் வெயிலும் ஒண்ணும் அவ்வளவு சுடாது. எங்க வேலூர் வெயிலுக்கு இது நிழல் மாதிரி."

டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். பெங்களூருக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோரும் தன்னிடம் சொல்வது இதுதான் என்றார். சுடுவது வேறு, தோலைக் கெடுக்கிற கதிர் வேறு. இந்த ஊர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளுகுளுவென்று இருந்தாலும் கதிர் குறைவதில்லை, மேகம் இருந்தாலும் பெரும்பகுதி கீழே வந்துவிடும். தோலைச் சிவக்கவைக்கும் கதிரை பஸ் கண்ணாடி தடுக்கும். ஆனால் தோலுக்குள் இறங்கி மங்கையும் சுருக்கத்தையும் உண்டாக்கும் இன்னொரு கதிரில் நிறைய, கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். பிள்ளை உண்டானபோது, சில மாத்திரைகளால், பரம்பரையாக என்று மங்கு வர வேறு காரணங்களும் உண்டு. அனுஷா வயிற்றில் இருந்தபோது லேசாக வந்து போனதைப் பார்கவி சொன்னாள். "அதேதான். உள்ள தூங்கிக்கிட்டு இருந்தத வெயில் எழுப்பி விட்டிருக்கு" என்றார் டாக்டர்.

பார்கவிக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. இரண்டு மாதமாகத் தானும் சன்ஸ்கிரீன் பூசுவதாகச் சொல்லி, பையிலிருந்து ட்யூபை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

"காலையில நாலரைக்கு. குளிச்ச உடனே."

"அப்புறம்?"

"அஞ்சே முக்காலுக்கு கம்பெனி கேட்ல சோப்புப் போட்டு முகம் கழுவணும் மேடம். பவுடர், பொட்டு, க்ரீம் எதுவும் உள்ள போகக் கூடாது. மாத்திரையில பட்டுடும்னு ரூல்."

"சூரியன் எத்தனை மணிக்கு வருது?"

பார்கவி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இருட்டில் பூசி, வெளிச்சம் வருமுன் கழுவி, கொளுத்தும் இரண்டு மணிக்கு வெறும் முகத்தோடு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். அறுபது நாள். அவளுக்கே சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

டாக்டர் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்துகளைப் படித்துக் காட்டினார். "அட்டையில யாரு சிரிக்கறாங்கன்னு பாக்காதீங்க. பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. எஸ்பிஎஃப்னு போட்டிருக்கே, அது சிவக்கவைக்கிற கதிருக்கு. இதுல பதினஞ்சுதான் இருக்கு, உங்களுக்குக் குறைஞ்சது முப்பது வேணும், அம்பது இருந்தா நல்லது. கண்ணாடியைத் தாண்டி வருதுன்னு சொன்னேனே, அந்தக் கதிருக்கு பி.ஏ.ன்னு போட்டுப் பக்கத்துல கூட்டல் குறி இருக்கும். மூணு குறியாவது வேணும். இதுல அந்த எழுத்தே இல்ல. இது வெளுப்பாக்கறேன்னு சொல்லி விக்கற க்ரீம், அவ்வளவுதான்."

பிறகு ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். பார்கவியின் முகம் எண்ணெய் வழிகிற முகம், அதனால் கெட்டியான க்ரீம் வேண்டாம், ஜெல் போல லேசானது. மங்குக்கு, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் அது ஓரளவு தடுக்கும். முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசிப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் முகத்துக்கு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி, முகம், காது, கழுத்து எல்லாம். வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி முன்னால். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். "எல்லாருக்கும் காலையில போடுங்கன்னு சொல்லுவோம். உங்க காலை ரெண்டு மணிக்குத்தான் விடியுது. அப்போ போடுங்க" என்றார்.

மங்கு போய்விடுமா என்று பார்கவி கேட்டாள். மாதக்கணக்கில் ஆகும், லேசாகும், முழுசாகப் போகும் என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது, விட்டுவிட்டால் திரும்பவும் வரும் என்றார் டாக்டர். அந்த நேர்மையே பார்கவிக்குத் தெம்பாக இருந்தது.

மறுநாள் மதியம் பஸ்ஸில் அவள் ஒரு காரியம் செய்தாள். வழக்கமாக ஏறியதும் தூங்கிவிடுபவள், அன்று டிரைவர் நாணுவிடம் சில்லறை கேட்கிற சாக்கில் முன்னால் போய், அங்கிருந்து திரும்பி நின்று இடது வரிசையைப் பார்த்தாள். முதல் சீட்டில் வனஜா. அடுத்தது விவேக் நகரிலேயே இருக்கும் குளோரியா. அதற்குப் பின்னால் இன்னும் ஒன்பது பெண்கள். தலை சாய்ந்து, பாதித் தூக்கத்தில். ஆறு வருஷமாக ஓடும் அட்டைகளில் குறை கண்டுபிடித்த கண் அது. ஒவ்வொரு முகமாகப் போயிற்று. அத்தனை பேருக்கும் இடது கன்னம் வலது கன்னத்தைவிடக் கறுத்திருந்தது. சிலருக்கு மங்கு, சிலருக்குச் சிறு கரும்புள்ளிகள், வனஜாவுக்குக் கண்ணோரத்தில் இடது பக்கம் மட்டும் ஆழமான சுருக்கம். தினமும் பார்த்த முகங்கள். ஒருத்திகூட இதை மற்றவளிடம் சொன்னதில்லை. ஒவ்வொருத்தியும் தன் ரத்தத்தில் கோளாறு, தன் விதி, தன் வேலை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியறைக்கு வந்த பார்கவி, புது ட்யூபை எடுத்துக் கண்ணாடி முன் நின்றாள். காதுக்குப் பின்னால் இரண்டு நாள் பூசிப் பார்த்தாயிற்று, அரிப்பு இல்லை.

குளோரியா பின்னால் வந்து நின்றாள். "இன்னாடி, ஷூட்டிங்கா? வூட்டுக்குப் போறப்போ யாருக்குடி இந்த ஸோக்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பார்கவி கையை நிறுத்தவில்லை. கழுத்து வரை பூசி முடித்தபோது வனஜா உள்ளே வந்தாள். மற்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கம்பெனிக்குள் மேக்கப் சாமான் கொண்டுவந்தால் மெமோ என்பது எல்லோருக்கும் தெரியும்.

வனஜா ட்யூபைக் கையில் வாங்கினாள். ரூல் தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்றாள் பார்கவி. ரூல் என்பது மாத்திரை இருக்கும் அறைக்கு, இது அதைத் தாண்டிய வெளியறை, வேலை முடிந்து வெளியே போகிறவளுக்கு அது பொருந்துமா என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்லுங்கள், கூடாது என்றால் கேட்டுக்கு வெளியே நின்று பூசிக்கொள்கிறேன், ஆனால் பூசாமல் பஸ் ஏறமாட்டேன் என்றாள்.

பிறகு வனஜாவின் தோளைத் தொட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். "மேடம், உங்க ரெண்டு கண்ணோரத்தையும் பாருங்க. குளோரியா, நீயும் வந்து பாரு. எல்லாருமே பாருங்க."

பெண்கள் ஒவ்வொருவராக முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். குளோரியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்கூட்டுக்காரரு மூணு வருசமா என்னிய ஈரல் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக்கினு இருக்காருடி."

சனிக்கிழமை காலையில், வெளியறையில் பூசிக்கொள்ளத் தடையில்லை, ட்யூப் அங்கிருக்கும் லாக்கரைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று வனஜா கேட்டு வந்து சொன்னாள். பஸ்ஸில் வரிசையை மாற்றிக்கொள்வது அவ்வளவு சுலபமாக இல்லை. வலது வரிசை ஆண்கள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இடது பக்கம் உட்காருங்கள் என்று பெண்கள் கேட்டதும் முணுமுணுத்தார்கள். நாணுதான், ஸ்டீரிங்கில் இருந்தபடியே, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க, உங்க மூஞ்சி ஒண்ணும் கரையாது" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி, ஜன்னலுக்குத் திரை கட்டக் கம்பெனியில் தானே கேட்பதாகவும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மாதத்தின் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு சீதாலட்சுமி விவேக் நகர் வீட்டுக்கு வந்திருந்தாள். கறிக்குழம்பும் பேச்சுமாக எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் சொல்லியாயிற்றா என்று சீதாலட்சுமி கேட்டாள். தினேஷும் பார்கவியைப் பார்த்தான். பார்கவி பதில் சொல்வதற்குள், தெருவிலிருந்து அனுஷா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். பள்ளி கோ-கோ அணியில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள், அதற்காகத் தெருப் பிள்ளைகளோடு ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

"இந்த வெயில்ல ஆடாதடி" என்றாள் சீதாலட்சுமி. "உங்கம்மா மூஞ்சியப் பாத்தியா இல்லியா? பொட்டப்புள்ள அப்படிக் கறுத்துட்டா எவன் கட்டுவான்? டீச்சர்கிட்ட பேர வெட்டச் சொல்லு."

அனுஷா ஓட்டத்தை நிறுத்தினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

தினேஷ் தண்ணீர்ச் செம்பை எடுத்தான்.

பார்கவி கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள். மகளின் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பேரு இருக்கட்டும் அனு. நீ ஓடு. உனக்கு என்ன பூசணும்னு டாக்டர்கிட்ட கேட்டு வாங்கித் தரேன், பூசிக்கிட்டு ஓடு." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நான் வேலையை விடலை அண்ணி. மாத்திரைத் தூசியால இது வரல, பஸ் ஜன்னல் வெயிலால வந்தது. அதுக்குச் சரியான சன்ஸ்கிரீன் வாங்கியிருக்கேன்."

"அப்போ அதப் பூசினா செவப்பாயிடுவியா?"

"மாட்டேன். செவப்பாகறதுக்காக நான் பூசல. நாம எல்லாரும் பண்ற தப்பே அதுதான். நிறம் வரும்னு எதையோ வாங்கி, இஷ்டப்பட்ட நேரத்துல பூசிட்டு, வரலன்னா மூலையில போடறோம். ஹெல்மெட் போட்டா முடி அழகாகுமா அண்ணி? தலை உடையாம இருக்கும். இதுவும் அப்படித்தான். கறுப்போ செவப்போ, இருக்கற தோலைக் காப்பாத்திக்கத்தான் சன்ஸ்கிரீன். எவ்வளவு காப்பாத்தும்னு படிச்சுப் பாத்து வாங்கணும், வெயில் படறதுக்கு முன்னாடி பூசணும். வெயிலுக்குப் பயந்து பொம்பளைங்க வேலையையும் விளையாட்டையும் விட்டுட்டு வூட்டுக்குள்ள உக்காரக் கூடாது. இந்த மங்கு முழுசா போகும்னு டாக்டரே சொல்லல. போகாட்டியும் நான் வேலைக்குப் போவேன்."

சீதாலட்சுமி தம்பியைப் பார்த்தாள். தினேஷ் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் இருந்தான். அவன் நெற்றி வேர்த்திருந்தது. பார்கவி அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். கோபமாக இல்லை. அவன் கையிலிருந்த செம்பை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

"என்னங்க, ஒம்போது வருஷமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். கேக்காம இருந்தது என் தப்பு. என் மூஞ்சியப் பத்தி, என் நிறத்தப் பத்தி யாராவது பேசும்போது, கேக்காத மாதிரி இருக்காதீங்க. என் பக்கம் நின்னு பேசுங்க. இப்பவே பேசுங்க. அனுஷா கேட்டுக்கிட்டு இருக்கா."